சி மொழியில் தமிழ் உரையைச் சிதையாமல் கையாள்வது எப்படி

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் தொடக்கப் பள்ளி மாணவரும் மூன்று என்று தயங்காமல் சொல்லிவிடுவார். அதே சொல்லை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, சி மொழியின் ஸ்டர்லென் செயற்கூற்றிடம் நீளம் கேட்டால் 15 என்று விடை வரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு அட்டவணையை வைத்து எண்ணினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து கிடைக்கும். மூன்று விடைகளும் சரியானவையே. நினைவகத்தில் உள்ள பைட்டுகளை ஒன்று எண்ணுகிறது; யூனிகோடு கொடுத்த குறியெண்களை மற்றொன்று எண்ணுகிறது; படிப்பவர் காணும் எழுத்துகளை மூன்றாவது எண்ணுகிறது. தமிழை உடைக்கும் சி நிரல்களில் பெரும்பாலானவை, இந்த மூன்றில் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்ணிவிடுபவை. அந்த முடிவை எங்கெங்கே எடுக்க வேண்டும், எடுத்தபின் எப்படி எழுத வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். சி மொழியில் சரங்கள், அணிகள், சுட்டிகள் ஆகியவற்றை ஓரளவு பழகியவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். குறியெண்களைப் பதினாறடிமான எண்களாக எழுதுவதே வழக்கம் என்றாலும், கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வசதியாக இங்கே எல்லாவற்றையும் பதின்ம எண்களிலேயே தருகிறேன்.

தரநிலை உறுதி தருவதும் தராததும்

சி மொழியின் பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஈசி 9899, 1990-இல் முதன்முதலாக வெளியானது. பல மொழி எழுத்துகளுக்கான விரிவான வசதிகளை 1995-இன் திருத்தம் சேர்த்தது. நிரலில் எந்த யூனிகோடு எழுத்தையும் அதன் எண்ணால் குறிப்பிடும் வழியை 1999-இன் பதிப்பு தந்தது. 16 பிட், 32 பிட் எழுத்து வகைகளையும் யூடிஎஃப்-8 சர மாறிலியையும் 2011-இன் பதிப்பு கொண்டுவந்தது. சி23 என்று அழைக்கப்படும் இன்றைய பதிப்பு 2024-இல் அச்சேறியது. இத்தனை பதிப்புகள் வந்தபோதும், எழுத்துகளைப் பற்றித் தரநிலை அளிக்கும் அடிப்படை உறுதிமொழிகள் மிகச் சிலவே என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சார் என்னும் வகை ஒரு பைட் அளவுள்ளது. ஒரு பைட்டில் குறைந்தது 8 பிட்டுகள் இருக்கும். சரியான எண்ணிக்கையை லிமிட்ஸ் தலைப்புக் கோப்பிலுள்ள சார்_பிட் என்னும் மாறிலி சொல்லும். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களின் மதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று தரநிலை உறுதி கூறுகிறது. ஆங்கில எழுத்துகளுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறியாக்கத்தில் ‘ஐ’ என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் மதிப்பு 201, அதற்கு அடுத்த ‘ஜே’ எழுத்தின் மதிப்பு 209. இடையில் ஏழு இடங்கள் விடுபட்டுள்ளன. ஆங்கில எழுத்துகளுக்கே நிலை இதுவென்றால், மற்ற மொழிகளின் எழுத்துகள் எந்த மதிப்பைப் பெறும் என்பதைத் தரநிலை கம்பைலரின் முடிவுக்கு விட்டுவிட்டதில் வியப்பில்லை.

ஆனால் ஓர் உறுதிமொழி நமக்குப் பெரிதும் உதவுகிறது. எல்லாப் பிட்டுகளும் சுழியாக உள்ள பைட், சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழி எழுத்தாக மட்டுமே பொருள்படும்; பல பைட்டுகளால் ஆன வேறு எந்த எழுத்தின் பகுதியாகவும் அது வரக்கூடாது. யூடிஎஃப்-8 இந்த விதிக்கு முழுமையாக இணங்குகிறது. ஆகவே, பழைய சரச் செயற்கூறுகளில் பைட்டுகளை அப்படியே நகலெடுப்பவையும் இணைப்பவையும் தமிழுக்கும் பழுதின்றி இயங்கும். யூடிஎஃப்-16 இதற்கு இணங்குவதில்லை: அதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சுழி பைட் இருப்பதால், அதைச் சார் அணியில் வைத்தால் சரம் முதல் எழுத்திலேயே முடிந்ததாகக் கருதப்படும். நிரலுக்குள் உரையைச் சார் அணியில் யூடிஎஃப்-8 ஆக வைத்துக்கொள்வதே நல்லது என்று நான் உறுதியாகப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

நிரலில் தமிழை எழுதுவது

மேற்கோள் குறிகளுக்குள் வெறுமனே எழுதப்பட்ட சரம், கம்பைலர் தேர்ந்தெடுத்திருக்கும் இயக்கக் குறியாக்கத்தில் பைட்டுகளாக மாறுகிறது. ஜிசிசி கம்பைலரில் மூலக் கோப்பின் குறியாக்கமும் இயக்கக் குறியாக்கமும் இயல்பாகவே யூடிஎஃப்-8 என்பதால் பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ, கோப்பின் தொடக்கத்தில் அடையாளப் பைட்டுகள் இல்லாவிட்டால், கணினியில் அப்போது அமைந்திருக்கும் குறியாக்கப் பக்கத்தின்படி கோப்பைப் படித்துவிடும். சாய்கோட்டை அடுத்து யூடிஎஃப்-8 என்று எழுதும் விருப்பத்தைக் கட்டளையில் சேர்த்தால் இரண்டு குறியாக்கங்களையும் யூடிஎஃப்-8 ஆக எடுத்துக்கொள்ளும். ஒரே நிரலை இரண்டிலும் தொகுப்பவர்கள் இந்த விருப்பத்தைத் தொகுப்பு அமைப்பிலேயே நிலையாக எழுதிவிடுவது நல்லது.

கம்பைலரின் அமைப்பை நம்பாமல், சரம் யூடிஎஃப்-8 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று நிரலே சொல்ல விரும்பினால், மேற்கோளுக்கு முன் ‘யூ8’ என்னும் முன்னொட்டை இட வேண்டும். ஆனால் இதன் வகை பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளது. 2011-இன் பதிப்பில் அது சார் அணி. சி23-இல் சார்8_டி அணி, அதாவது அன்சைன்டு சார் அணி. அதனால் முன்பு ஓசையின்றித் தொகுக்கப்பட்ட நிரல், புதிய பதிப்புக்கு மாறியதும் சுட்டியின் வகை பொருந்தவில்லை என்று எச்சரிக்கும். எச்சரிக்கையை அணைத்துவிடாமல், சரத்தைச் சார் அணி ஒன்றின் தொடக்க மதிப்பாகக் கொடுத்து அந்த அணியைப் பயன்படுத்துவது சரியான தீர்வு. இதை இரண்டு பதிப்புகளுமே அனுமதிக்கின்றன.

தமிழ் எழுத்தை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதிச் சார் மாறியில் வைக்க முயல்வது தொடக்கநிலையில் பலரும் செய்வது. ‘அ’ என்பது யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள் ஆகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகள் வந்தால் அதன் மதிப்பு என்ன என்பதைக் கம்பைலரே முடிவு செய்கிறது. பெரிய ‘யூ’ முன்னொட்டை இட்டால் அதே எழுத்து 32 பிட் மாறிலியாகி, 2949 என்னும் சரியான மதிப்பைத் தரும். ஒரு தமிழ் எழுத்தோடு ஒப்பிட வேண்டிய இடங்களில் இந்த வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

பைட்டுகளைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் பதினாறடிமான விடுபடு குறிகளாக எழுதுவதை நான் தவிர்க்கச் சொல்வேன். அந்தக் குறியின் பின் எத்தனை இலக்கங்கள் வரலாம் என்பதற்குத் தரநிலை வரம்பு விதிக்கவில்லை. அடுத்து வரும் எழுத்து ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளில் ஒன்றாகவோ இலக்கமாகவோ இருந்தால் அதையும் சேர்த்தே விழுங்கிவிடும். எட்டடிமானக் குறி மூன்று இலக்கங்களோடு நின்றுவிடும். யூனிகோடு எண்ணைச் சொல்லும் குறியில் சிறிய ‘யூ’ என்றால் சரியாக 4 இலக்கங்கள், பெரிய ‘யூ’ என்றால் சரியாக 8. பைட்டைத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் நேர்ந்தால் சரத்தை அந்த இடத்தில் மூடி, அடுத்த மேற்கோளில் தொடரலாம். அருகருகே உள்ள சரங்களைக் கம்பைலர் இணைத்துவிடும்.

பைட்டுகளிலிருந்து குறியெண்ணைப் பெறுவது

யூடிஎஃப்-8 முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். முதல் பைட்டைப் பார்த்தாலே எத்தனை பைட்டுகள் சேர்ந்து ஒரு குறியெண் ஆகின்றன என்பது தெரிந்துவிடும் வகையில் அதன் அமைப்பு உள்ளது. முதல் பைட் 128-க்குக் கீழே இருந்தால் அது தனித்து நிற்கும் ஆஸ்கி எழுத்து, அதாவது ஆங்கில எழுத்து, இலக்கம் போன்றவற்றுள் ஒன்று. 194 முதல் 223 வரை இருந்தால் இரண்டு பைட்டுகள், 224 முதல் 239 வரை மூன்று, 240 முதல் 244 வரை நான்கு. 128 முதல் 191 வரையுள்ளவை தொடர் பைட்டுகள். அவை ஒருபோதும் தொடக்கத்தில் வாரா. 192, 193 ஆகியவையும் 245 முதல் 255 வரையுள்ளவையும் செல்லுபடியாகும் உரையில் எங்குமே வரக்கூடாது.

‘அ’ எழுத்தின் பைட்டுகள் 224, 174, 133. முதல் பைட்டிலிருந்து 224-ஐக் கழித்து 4096-ஆல் பெருக்க வேண்டும், விடை 0. இரண்டாவதிலிருந்து 128-ஐக் கழித்தால் 46. அதை 64-ஆல் பெருக்கினால் 2944. மூன்றாவதிலிருந்து 128-ஐக் கழித்தால் 5. கூட்டினால் 2949. நிரலில் பெருக்கலுக்குப் பதிலாக 12 பிட்டும் 6 பிட்டும் இடப்புறம் நகர்த்தலாம். யூனிகோடின் தமிழ்த் தொகுதி 2944 முதல் 3071 வரை 128 இடங்களைக் கொண்டது. ஆகவே தமிழ்த் தொகுதியின் எல்லாக் குறியெண்களுக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175 என்று அமைந்துவிடுகிறது. பழுதான கோப்பு ஒன்றின் பைட்டுகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க நேரும்போது இந்த ஒழுங்கு மிகவும் பயன்படும்: 224 ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம்.

வெளியிலிருந்து வரும் உரையைப் படிக்கும் செயற்கூறு, கணக்குப் போடுவதோடு நில்லாமல் செல்லுபடியாகாத தொடர்களை மறுக்கவும் வேண்டும். முதல் பைட் 224 என்றால் இரண்டாவது பைட் 160-க்குக் குறையக்கூடாது; 237 என்றால் 159-ஐத் தாண்டக்கூடாது; 240 என்றால் 144-க்குக் குறையக்கூடாது; 244 என்றால் 143-ஐத் தாண்டக்கூடாது. முதல் விதியும் மூன்றாம் விதியும், குறைந்த பைட்டுகளில் எழுதக்கூடிய எண்ணை வேண்டுமென்றே நீட்டி எழுதுவதைத் தடுக்கின்றன. இவற்றை விட்டுவிட்டால், சாய்கோடு போன்ற தடைசெய்யப்பட்ட எழுத்துகளை நீண்ட வடிவில் மறைத்து உங்கள் பாதுகாப்புச் சோதனையைக் கடந்துவிடலாம். இரண்டாம் விதி 55296 முதல் 57343 வரையுள்ள, எழுத்துகளுக்கு ஒதுக்கப்படாத எண்களை விலக்குகிறது. நான்காம் விதி யூனிகோடின் மிகப் பெரிய குறியெண்ணான 1114111-ஐத் தாண்டவிடாமல் காக்கிறது. நான்கு ஒப்பீடுகள்தாம்; ஒன்றையும் விடாதீர்கள்.

தரநிலை தரும் எம்பிஆர்டோசி32 என்னும் செயற்கூறும் பைட்டுகளைக் குறியெண்ணாக மாற்றுவதுதான். ஆனால் அது நடப்பு லோக்கேலின், அதாவது நிரலுக்கு அமைந்துள்ள மொழி, வட்டார அமைப்பின், குறியாக்கத்தைப் பின்பற்றுகிறது. நிரல் தொடங்கும்போது லோக்கேல் ‘சி’ என்னும் அடிப்படை நிலையில் இருக்கும். செட்லோக்கேல் செயற்கூற்றுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்து அழைத்தால்தான் பயனரின் அமைப்பு நடைமுறைக்கு வரும், அதுவும் யூடிஎஃப்-8 ஆக இருக்குமென்ற உறுதி இல்லை. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகமும் யூடிஎஃப்-8 லோக்கேலை ஏற்கிறது. இந்தச் செயற்கூறு பைட் எண்ணிக்கையைத் தவிர, பிழைக்கு ஒன்றும் உரை பாதியில் நிற்பதற்கு ஒன்றுமாகச் சிறப்பு மதிப்புகளைத் திருப்பித் தருகிறது. இவை குறியற்ற எண் வகையில் வருவதால் ‘சுழியைவிடச் சிறியதா’ என்ற சோதனை ஒருபோதும் பலிக்காது. உள்ளே வரும் உரை எப்போதும் யூடிஎஃப்-8 என்று முன்பே தெரிந்த நிரலில், லோக்கேலைச் சாராத சொந்தச் செயற்கூற்றை எழுதிக்கொள்வதே என் தேர்வு.

சார் வகையின் குறி

சார் வகை குறியுள்ளதா (எதிர்ம எண்களையும் ஏற்பதா), குறியற்றதா என்பதைத் தரநிலை கம்பைலருக்கே விட்டிருக்கிறது. இன்டெல் வகைச் செயலிகளில் இயங்கும் லினக்ஸில் அது குறியுள்ளது. ஆர்ம் செயலிகளில் இயங்கும் லினக்ஸில் குறியற்றது. ஆங்கிலம் மட்டும் கையாளும் நிரலில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் ஆஸ்கி மதிப்புகள் 127-ஐத் தாண்டுவதில்லை. தமிழிலோ ஒவ்வொரு பைட்டும் 127-ஐத் தாண்டுகிறது. குறியுள்ள வகையில் 224 என்பது −32 ஆகிவிடும்; ‘முதல் பைட் 224-க்குச் சமமா’ என்ற ஒப்பீடு ஒரு கணினியில் உண்மையாகவும் மற்றொன்றில் பொய்யாகவும் முடியும்.

இதைவிட மோசமானது எழுத்து வகையைச் சோதிக்கும் செயற்கூறுகளின் நிலை. இஸ்ஆல்ஃபா, இஸ்ஸ்பேஸ் போன்றவற்றுக்குக் கொடுக்கும் மதிப்பு அன்சைன்டு சார் வகைக்குள் அடங்குவதாகவோ கோப்பு முடிவுக் குறியாகவோ இருக்க வேண்டும் என்று தரநிலை விதிக்கிறது. −32-ஐக் கொடுத்தால் நடத்தை வரையறுக்கப்படாதது. நிரல் நின்றுபோகலாம், தவறான விடையும் தரலாம், பல மாதங்கள் சரியாகவே இயங்குவதுபோலத் தோன்றவும் செய்யலாம். ஆகவே பைட்டின் மதிப்பைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் அதை முதலில் அன்சைன்டு சார் ஆக மாற்றுங்கள். பைட்டுகளை அலசும் செயற்கூறுகளில் உள்ளீட்டுச் சுட்டியையே அன்சைன்டு சார் சுட்டியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைத்திருக்கும் சுமை நீங்கும்.

எஃப்கெட்சி திருப்பித் தரும் மதிப்பைச் சார் மாறியில் வைக்கக்கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததே. அது இன்ட் வகையில் தருவதற்குக் காரணம், 0 முதல் 255 வரையிலான எல்லாப் பைட்டுகளிலிருந்தும் வேறான ஒரு மதிப்பைக் கோப்பு முடிவுக்காக வைத்திருப்பதுதான். குறியற்ற சார் மாறியில் வாங்கினால் முடிவுக் குறியோடு அது ஒருபோதும் சமமாகாமல் நிரல் முடிவின்றிச் சுழலும்; குறியுள்ளதில் வாங்கினால் 255 என்னும் பைட் வந்ததுமே கோப்பு முடிந்ததாக நினைத்துக்கொள்ளும்.

நீளம், வெட்டுதல், அச்சிடுதல்

பெயருக்கு 20 பைட் அணி ஒதுக்கினால், முடிவுச் சுழி போக எஞ்சும் 19 பைட்டுகளில் ஆறு தமிழ்க் குறியெண்களே கொள்ளும். ‘மீனாட்சி’ என்ற பெயருக்கே எட்டுக் குறியெண்களும் 24 பைட்டுகளும் தேவை. எழுத்து எண்ணிக்கையை வைத்து இடம் ஒதுக்கும் வழக்கத்தைத் தமிழில் கைவிட வேண்டும். பைட் அளவை வைத்து ஒதுக்கி, பயனருக்குக் காட்டும் வரம்பைத் தனியாக எழுத்துகளில் கணக்கிட வேண்டும்.

இடம் போதாதபோது எஸ்என்பிரிண்ட்எஃப் பைட் அளவில்தான் வெட்டும். அது குறியெண்ணின் நடுவில் வெட்டினால் உரை செல்லாததாகி, திரையில் கேள்விக்குறியோ கட்டமோ தோன்றும். இதைத் திருத்துவது எளிது: விடுபடவிருக்கும் முதல் பைட்டைப் பாருங்கள், அது 128 முதல் 191 வரை இருந்தால் வெட்டும் இடத்தை ஒரு பைட் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே வந்து, தொடர் பைட் அல்லாத ஒன்றில் நில்லுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. தமிழுக்கு இது போதாது. ‘மண்’ என்ற சொல்லின் 9 பைட்டுகளை 6-ஆவது பைட்டில் வெட்டினால் கிடைப்பது ‘மண’. யூடிஎஃப்-8 விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை; எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது; ஆனால் அது வேறொரு சொல். உடைந்த பைட்டைக் கட்டமாவது காட்டிக்கொடுக்கும், விடுபட்ட புள்ளியையோ மாறிப்போன பொருளையோ எதுவும் காட்டிக்கொடுக்காது. விலாசமும் பெயரும் மருந்துக் குறிப்பும் சேமிக்கும் நிரல்களில் இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

ஆகவே வெட்டும் இடத்திற்கு அடுத்து வரும் குறியெண் சார்ந்து நிற்கும் குறியா என்றும் பார்க்க வேண்டும். தமிழில் அவை சிலவே: ஆகாரம் முதல் ஊகாரம் வரையிலான குறிகள் 3006 முதல் 3010 வரை, எகர, ஏகார, ஐகாரக் குறிகள் 3014 முதல் 3016 வரை, ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் புள்ளியும் 3018 முதல் 3021 வரை, ஔகாரத்தின் பின்பகுதியாக மட்டும் வரும் குறி 3031. அடுத்த குறியெண் இவற்றுள் ஒன்றாக இருந்தால், அது சார்ந்திருக்கும் மெய்யோடு சேர்த்துப் பின்வாங்க வேண்டும். ஆய்த எழுத்தான 2947 இந்தப் பட்டியலில் சேராது. அது தனித்து நிற்கும் எழுத்து. இதே பட்டியலைக் கொண்டு எழுத்துகளையும் எண்ணிவிடலாம்: சார்ந்து நிற்பவற்றைத் தவிர்த்து மற்றக் குறியெண்களை எண்ணினால் ‘தமிழ்’ மூன்று, ‘கணினி’ மூன்று, ‘மீனாட்சி’ நான்கு என்று பள்ளியில் எண்ணும் கணக்கே கிடைக்கும். ‘க்ஷ’ மட்டும் இரண்டாக எண்ணப்படும். யூனிகோடின் பொது விதியும் அதை இரண்டாகவே பிரிக்கிறது. ஒன்றாக எண்ண விரும்புபவர்கள் க, புள்ளி, ஷ என்ற தொடருக்குத் தனி விதி சேர்த்துக்கொள்ளலாம்.

பிரிண்ட்எஃப் வடிவச் சரத்தில் தரும் அகலமும் பைட் கணக்குத்தான். 20 இடம் என்று சொல்லி ‘தமிழ்’ என்பதை அச்சிட்டால், 15 பைட்டுகள் ஏற்கெனவே உள்ளன என்று கருதி 5 இடைவெளிகளை மட்டும் சேர்க்கும். இடைவெளிகளின் எண்ணிக்கையை நீங்களே எழுத்துக் கணக்கில் கண்டு தனியாகச் சேர்க்கலாம். அப்படிச் செய்தாலும் முனையத் திரையில் நிரைகள் முழுமையாக ஒழுங்காகா, ஏனெனில் தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிரல் அட்டவணையாகத் தரவேண்டிய வெளியீட்டில் தத்தல் (டேப்) குறியைப் பயன்படுத்தி, ஒழுங்குபடுத்துவதைக் காட்டும் மென்பொருளிடம் விடுவது மேல்.

ஒப்பிடுதலும் அகரவரிசையும்

‘கொ’ என்பதை இரண்டு வகைகளில் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து 3018 என்னும் ஒற்றைக் குறி வரலாம். அல்லது 3014, 3006 என்னும் இரண்டு குறிகள் அடுத்தடுத்து வரலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஸ்டர்கம்ப் இரண்டையும் வேறுவேறு என்றே சொல்லும். தேடும் சொல் கண்முன்னே இருந்தும் நிரல் இல்லை என்று சொல்வதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. சி தரநிலையில் இவற்றை ஒருமுகப்படுத்தும் செயற்கூறு எதுவும் இல்லை. யூனிகோடு உரையைக் கையாளும் ஐசியூ போன்ற நூலகத்தைப் பயன்படுத்தலாம். தமிழ் மட்டும் போதுமென்றால் தமிழ்த் தொகுதியில் இத்தகைய இணைகள் நான்கே நான்கு என்பதால் நீங்களே எழுதிவிடலாம். 3014-உம் 3006-உம் சேர்ந்தால் 3018. 3015-உம் 3006-உம் சேர்ந்தால் 3019. 3014-உம் 3031-உம் சேர்ந்தால் 3020. ஒகர உயிரான 2962-உம் 3031-உம் சேர்ந்தால் ஔகார உயிரான 2964. உரை நிரலுக்குள் நுழையும் இடத்திலேயே ஒருமுறை இதைச் செய்துவிட்டால் பின்னர் எங்கும் கவலையில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகர எழுத்தையே தட்டச்சிட்ட உரையை மட்டும் இது சரிசெய்யாது. அது எழுத்துப்பிழை, குறியாக்க வேறுபாடன்று.

வரிசைப்படுத்தலில் ஸ்டர்கம்ப் தரும் வரிசை குறியெண் வரிசையாகும். தமிழின் அகரவரிசை அதுவன்று. குறியெண் வரிசையில் ந-வை அடுத்து ன வருகிறது. ர, ற, ல, ள, ழ, வ என்று இடையினமும் வல்லினமும் கலந்து நிற்கின்றன. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உள்ளது. புள்ளியின் எண் 3031 நீங்கலான உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால், ‘க்’ என்பது ‘கௌ’-வுக்கும் பின்னால் போய்விடுகிறது. தமிழ் லோக்கேலை அமைத்து ஸ்டர்கோல் செயற்கூற்றைப் பயன்படுத்துவது தரநிலை காட்டும் வழி. ஆனால் அதன் தரம் அந்தக் கணினியில் நிறுவப்பட்ட லோக்கேல் தரவைப் பொறுத்தது. அகராதியோ பெயர்ப்பட்டியலோ உருவாக்குபவர்கள், ஒவ்வொரு குறியெண்ணுக்கும் அகரவரிசை எண் தரும் சிறு அட்டவணையைத் தாங்களே அமைத்து அதன்படி ஒப்பிடுவதையே நான் நம்பகமானதாகக் கருதுகிறேன்.

அகன்ற எழுத்து வகைகள்

டபிள்யூசார்_டி என்னும் அகன்ற வகை லினக்ஸில் 32 பிட், விண்டோஸில் 16 பிட். இரண்டு இடங்களிலும் இயங்க வேண்டிய நிரலில் அதைத் தவிர்ப்பதே நல்லது. 16 பிட் தமிழுக்குப் போதுமே என்று வாதிடுவோர் உண்டு. 2019-இல் வெளியான யூனிகோடு 12.0 அந்த வாதத்தை முடித்துவைத்தது. பழந்தமிழ்ப் பின்னங்களையும் அளவைக் குறிகளையும் கொண்ட தமிழ் இணைப்புத் தொகுதி அதில் சேர்ந்தது. முந்திரி என்று வழங்கும் 320-இல் ஒரு பங்கின் குறி 73664-ஆம் எண்ணில் உள்ளது. இது 16 பிட்டில் அடங்காது. யூடிஎஃப்-16-இல் 55303, 57280 என்று இரண்டு அலகுகளாகவும் யூடிஎஃப்-8-இல் 240, 145, 191, 128 என்று நான்கு பைட்டுகளாகவும் அது எழுதப்படும். குறியெண்களாகப் பிரித்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் சார்32_டி வகைக்கு மாற்றி, வேலை முடிந்ததும் யூடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள்.

கோப்பில் எழுதுதல்

யூடிஎஃப்-8 உரைக்குப் பைட் வரிசைச் சிக்கல் இல்லை. உரையோடு சேர்த்து எழுதப்படும் எண்களுக்கு உண்டு. 2949 என்பதைச் சில செயலிகள் 11, 133 என்ற வரிசையிலும் சில 133, 11 என்ற வரிசையிலும் நினைவகத்தில் வைக்கின்றன. இன்ட் வகைக்குக் குறைந்தது 16 பிட் இருக்கும் என்பதற்கு மேல் தரநிலை உறுதி தருவதில்லை. ஸ்ட்ரக்ட் அமைப்பின் உறுப்புகளுக்கிடையே கம்பைலர் வெற்றுப் பைட்டுகளையும் செருகலாம். ஆகையால் ஸ்ட்ரக்ட் ஒன்றை அப்படியே எஃப்ரைட் மூலம் கோப்பில் கொட்டினால், அதை வேறொரு கணினி சரியாகப் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை. நீளத்தை யூஇன்ட்32_டி மாறியில் வைத்து, 0, 8, 16, 24 பிட்டுகள் வலப்புறம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கடைசி 8 பிட்டுகளை ஒரு பைட்டாக எழுதுங்கள். செயலி எதுவானாலும் கோப்பில் 133, 11, 0, 0 என்றே பதியும். படிக்கும்போது, நகர்த்துவதற்கு முன் பைட்டை யூஇன்ட்32_டி ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 24 பிட் நகர்த்தும்போது குறியுள்ள இன்ட் வகை நிரம்பி வழிந்து, நடத்தை வரையறையின்றிப் போகும். உரைக்கு முன்னால் எழுதும் நீளம் பைட்டுகளில் இருக்க வேண்டும் என்பதைக் கோப்பு வடிவத்தின் விளக்கத்திலேயே எழுதிவைப்பது அவசியம்.

படிக்கும் கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இருந்தால் தாண்டிவிடுங்கள்; முன்பு சொன்ன அடையாளப் பைட்டுகள் அவையே. திஸ்கி முறையில் சேமிக்கப்பட்ட பழைய கோப்புகள் 8 பிட் குறியாக்கத்தில் இருப்பவை. அவற்றில் 128-க்கு மேற்பட்ட ஒரு பைட் ஒரு தமிழ் வடிவத்தைக் குறிக்கும், எகரக் கொம்பு மெய்க்கு முன்பாகவே சேமிக்கப்படும். குனூ சி நூலகத்தின் ஐகான்வ் வசதி திஸ்கியை அறியும் என்பதால், நிரலுக்குள் அதற்கென வழி அமைக்காமல் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம்.

சோதனைக்கென்று ஒரு சிறு சரத் தொகுப்பை நிரலோடு வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டுவதற்கு ‘மண்’, ஒப்பிடுவதற்கு ‘கொ’-வின் இரு வடிவங்கள், எண்ணுவதற்கு ‘அஃது’, நான்கு பைட்டுக்கு முந்திரிக் குறி, மறுப்பதற்கு 224-உம் 174-உம் மட்டும் வந்து பாதியில் நிற்கும் சரம், 192-இல் தொடங்கும் சரம். ஜிசிசி கம்பைலரில் சார் வகையைக் குறியுள்ளதாகவும் குறியற்றதாகவும் மாற்றும் விருப்பங்கள் உள்ளன. இரண்டிலும் ஒவ்வொரு முறை தொகுத்து இதே சரங்களை ஓட்டி, இரண்டின் வெளியீடும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.